முகம் சுளிக்காதவள்

காலையில் கட்டிலுக்கடியில் வைத்தபோது காப்பித்தூள் உலர்ந்துதான் இருந்தது. ட்ரூடி ராப்சன் தன் கையாலேயே பொட்டலத்தைப் பிரித்து, அகலமான தட்டில் கொட்டி, விரலால் பரப்பிவிட்டு, தனி அறை நோயாளி மிஸ்டர் ட்வெடிலின் கட்டிலுக்கடியில் நட்டநடுவில் தள்ளி வைத்திருந்தாள். மதியச் சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்தபோது குனிந்து பார்த்தால் தூள் நனைந்து, கறுத்து, உப்பிக் கிடந்தது. மெத்தையில் ஈரமில்லை. விரிப்பில் ஈரமில்லை. குழாய் எதுவும் ஒழுகவில்லை. தட்டின் நடுவில் மட்டும் வழுவழுப்பாக ஒரு குழி விழுந்திருந்தது, யாரோ நாக்கை விட்டு நக்கிப் பார்த்த மாதிரி.

புண் நாற்றம் உள்ளவரின் கட்டிலுக்கடியில் காப்பித்தூளோ வீட்டுப் பூனை மலம் கழிக்க வாங்கும் மணலோ வைப்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். பாடப்புத்தகத்தில் கிடையாது, எல்லா வார்டிலும் உண்டு. நாற்றத்தை அது குடித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. எதற்கு வைக்கிறோம் என்று நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை.

"டெரக், இந்தத் தட்டுல தண்ணி ஊத்துனீங்களா?"

வாசலில் அழுக்குத்துணி மூட்டையோடு நின்ற வார்டு உதவியாளர் டெரக் எட்டிப் பார்த்தான். கிறிஸ்துமஸ் வரப்போகிறதென்று தலையில் மான் கொம்பு மாட்டியிருந்தான்.

"நான் ஊத்தலம்மா. பாலும் சக்கரையும் போட்டு அவருக்கே குடுத்துடு. வீணாக்காத."

"உங்களுக்கு வாசனை ஒண்ணும் வரலையா?"

டெரக்கின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. "எனக்கென்ன, ஒண்ணும் வரலையே," என்றான். வாயால் மூச்சு விட்டுக்கொண்டுதான் சொன்னான். மூட்டையை இறுக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் கொஞ்சம் வேகமாகவே நடந்தான். கொம்புகள் ஆடின.

அழுகல் நாற்றம் ட்ரூடிக்குப் புதிதல்ல. நர்ஸ் பட்டப்படிப்புக்கு வருமுன் பல வருடம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். மலம், சீழ், பழைய மூத்திரம் எல்லாவற்றையும் தாண்டி மாலையில் வீட்டுக்குப் போய் மீன் வறுவல் சாப்பிட்டவள். இது வேறு. இனிப்பாக இருந்தது. பால் குடித்த குழந்தையின் கழுத்து மடிப்பில் திரிந்து கிடக்கும் பாலின் புளிப்பு. அதற்கடியில் கறிக்கடையின் பின்புற வடிகால். அதற்கும் அடியில், தேடித்தேடி அவள் கடைசியில் கண்டுபிடித்த சொல், வாய். யாரோ மிகவும் நெருங்கி வந்து முகத்துக்கு நேரே மூச்சு விடுகிறார்கள். பல் தேய்க்காத யாரோ. அந்த மூச்சு அறையில் ஒரு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. மிஸ்டர் ட்வெடிலின் நெஞ்சு ஏறி இறங்குவதோடு அது ஒத்துப்போகவில்லை.

ஆனால் வாசனை வருகிறது என்று சொல்வது அங்கே கெட்ட வார்த்தை பேசுவதைவிட மோசம். அந்த நாகரிகத்தைப் பரப்பிய பெருமை டாக்டர் ஃபெலிசிட்டி வேரிங்கைச் சேரும். அவர் பல்கலைக்கழகத்தில் கருணைத் துறையின் தலைவி. கருணைக்கு ஒரு தலைவி வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்த ஆண்டில், அதற்குத் தனி அறையும், பெயர்ப்பலகையும், இதயம் பொறித்த பேனாக்களும் வந்து சேர்ந்தன. அவர் கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்டபோது ட்ரூடி பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அவர் வகுப்பில் மாணவர்கள் எதிரெதிரே உட்கார வேண்டும். திரையில் அழுகிய கால்கள், வழிந்தோடும் மலப்பைகள், புழு நெளியும் குழிகள் வரும். பார்க்கிறவர் 'இதமான முகம்' வைத்துக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவர் அந்த முகத்துக்கு மதிப்பெண் போடுவார். முதல் நாளே இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். சிரிப்பு மாறாமல் விழுந்த ஒருத்திக்குப் பாராட்டு கிடைத்தது. அன்று மதியம் கேண்டீனில் மஞ்சள் கஸ்டர்டு ஊற்றிய இனிப்பு போட்டார்கள். அண்டா அப்படியே திரும்பிப் போனது.

ட்ரூடியின் முகம் ஒரே ஒரு முறை தவறியது. போன வசந்தத்தில், வேறொரு வார்டில், வயிற்றில் மலப்பை மாட்டிய ஒரு பெண்மணியின் பை பிரிந்து அவள் முழங்கை வரை கொட்டிவிட்டது. மூக்கு ஓரம் கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். "நான் அவ்வளவு அருவருப்பாவா இருக்கேன்?" என்று அழுதாள். மகன் புகார் கொடுத்தான். ட்ரூடி தேறவில்லை.

இன்று சாயங்காலம் மறுதேர்வு. ஃபெலிசிட்டியே நேரில் வந்து நின்று பார்ப்பார். படுத்தே கிடந்ததால் மிஸ்டர் ட்வெடிலுக்கு வந்த முதுகடிப் புண்ணுக்கு ட்ரூடி கட்டு மாற்ற வேண்டும், முகம் மாறக்கூடாது. இதிலும் தவறினால் மறு வாய்ப்பு கிடையாது. மூன்று வருடப் படிப்பைத் தலைமுழுகிவிட்டு முதியோர் இல்லத்துக்கே திரும்பி, நர்ஸ் என்று ஒருத்தி வந்து கட்டுப் போடும்போது பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவள் மகள் வேறு பள்ளிக்கூடம் முழுக்க "எங்கம்மா நர்சு" என்று இப்போதே சொல்லி வைத்திருந்தாள்.

சமையலறையில் மொய்ரா டாட்ஸ் நின்றுகொண்டே டோஸ்ட் தின்றுகொண்டிருந்தார். அவர்தான் வார்டில் ட்ரூடிக்குப் பொறுப்பான மூத்த நர்ஸ். எந்தப் புண்ணுக்கும் முகம் சுளிக்காதவர் என்று ஆஸ்பத்திரி கொடுத்த வெள்ளிப் பதக்கம் அவர் மார்பில் தொங்கியது.

"மொய்ரா, அந்தத் தனி அறை நாத்தம் சரியில்ல. புண்ணு நாத்தம் மாதிரியே இல்ல."

"என்கிட்ட கேக்காத கண்ணு. அந்த வைரஸ் வந்தப்பவே என் மூக்கு செத்துப்போச்சு. இந்த டோஸ்டுகூட எனக்கு அட்டைதான்."

ட்ரூடியின் கண் தானாகப் பதக்கத்துக்குப் போனது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றார் மொய்ரா. "அதுக்குள்ள கேக்கை வெட்டிட்டாங்க."

"நேத்து அவருக்குக் கட்டு மாத்துனது யாரு?"

"தற்காலிகமா ஆள் அனுப்புற ஏஜென்சில இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. பாதி வேலையில டீ குடிக்கப் போனவ திரும்பி வரல. கோட்டு இன்னும் கொக்கியில தொங்குது பாரு. இந்தக் குளிர்ல கோட்டு இல்லாம போயிருக்கா. என்ன புள்ளைங்களோ."

"டீ குடிக்கப் போனத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. வேற எங்க போயிருப்பா?" மொய்ரா விரலில் ஒட்டிய வெண்ணெயை நக்கினார். "எனக்குப் புரியாதது வேற ஒண்ணு. மனுசன் வந்த நாள்ல இருந்து தட்டைத் தொடல. எடை மட்டும் வாரா வாரம் ஏறுது. தராசு கெட்டுப்போச்சுன்னு எழுதிப் போட்டிருக்கேன். நீ பயப்படாத. சாயங்காலம் நான் அவரைப் பிடிச்சுக்கறேன். நீ சிரிச்சுக்கிட்டே செஞ்சு முடிச்சுடு. அந்தம்மா போனதும் எனக்கு ஒரு டீ போட்டுக் குடு."

டிசம்பர் மாதத்து அந்தக் கடற்கரை ஊரில் பகல் என்பது ஒரு பேச்சுக்குத்தான். தேநீர் வண்டி வருவதற்குள் சன்னல்கள் கறுத்துவிடும். ட்ரூடி கோப்பையை எடுத்துக்கொண்டு தனி அறைக்குப் போனபோது, மிஸ்டர் ட்வெடில் வழக்கம்போல் சன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். இப்போது கை, கால், கழுத்து எல்லாம் குச்சி. இடுப்புக்குப் பின்னால் மட்டும் போர்வை மேடாக இருந்தது. வெளியே கடல்காற்று சன்னல் சட்டத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம், மெல்லிய, ஈரமான சத்தம். தூக்கத்தில் குழந்தை வாயைச் சப்புக்கொட்டுவது. அவர் உதடுகள் மூடியிருந்தன.

"மன்னிச்சுக்கம்மா," என்றார். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கிற மனிதர். "நாத்தம் அடிக்குதா?"

"இல்லையே. ஒண்ணுமே இல்லையே," என்றாள் ட்ரூடி. இதமாக.

"நீ நல்ல பொண்ணு." அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருண்ட கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க. மூஞ்சி வேற சொல்லுது. அதுக்கு அது தெரிஞ்சுடுது."

"எதுக்கு?"

"மன்னிச்சுக்கம்மா," என்றார் மறுபடியும். கண்ணை மூடிக்கொண்டார்.

ஃபெலிசிட்டி வந்தார். கழுத்தில் இதயம் அச்சடித்த பட்டை, கையில் மதிப்பெண் அட்டை, காலில் சத்தமில்லாத விலையுயர்ந்த செருப்பு. தனி அறைக்குள் நுழைந்ததும் அவர் கண்களில் நீர் கோத்தது, நாற்றத்தால்தான். ஆனால் அதைக் கருணையாக மாற்றிக்கொள்ள அவருக்கு அரை நொடிகூட ஆகவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, "உங்களைச் சந்திப்பது எனக்குக் கௌரவம்," என்று மிஸ்டர் ட்வெடிலின் முதுகிடம் சொன்னார். பிறகு ட்ரூடியிடம், "முகம்தான் நம்முடைய முதல் மருந்து. ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

"ரெண்டாவது மருந்தையும் கொஞ்சம் போடலாமா?" என்றார் மொய்ரா. "மனுசன் ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்கார்."

மொய்ரா சன்னல் பக்கம் போய் நின்று, நோயாளியின் தோளையும் இடுப்பையும் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது மிஸ்டர் ட்வெடிலின் வழுக்கை மட்டும். ஃபெலிசிட்டி கால்மாட்டில் நின்று ட்ரூடியின் முகத்தை மட்டும் பார்த்தார். ஆக, அந்த அறையில் புண்ணைப் பார்க்கிறவள் ட்ரூடி ஒருத்திதான்.

கை கழுவினாள். ஏப்ரன் கட்டினாள். நீலக் கையுறை மாட்டினாள். மேல்கட்டை உரித்தாள்.

சூடான மூச்சு முகத்தில் அடித்தது.

முஷ்டி அளவு குழி. உள்ளே இருட்டு. ஓரங்கள் மஞ்சள் பிடித்து அழுகியிருக்கும் என்று எதிர்பார்த்தவள் அவற்றைப் பார்த்துத்தான் அதிர்ந்தாள். அழுகலே இல்லை. தடித்து, ஈரமாக, நல்ல இளஞ்சிவப்பாக இருந்தன. உதட்டின் சிவப்பு. ஓரத்தில் காப்பித்தூள் ஒட்டியிருந்தது.

"அருமை," என்றார் ஃபெலிசிட்டி. "அந்தக் கண்கள். அப்படியே இருக்கட்டும்."

இப்படிக் குழிந்த புண்ணுக்குள் மருந்து நாடாவை மடித்து மடித்து நிரப்புவார்கள். அதன் நுனியைக் கொஞ்சம் வெளியே விட்டு வைக்க வேண்டும். அடுத்து வருகிறவள் அதைப் பிடித்துத்தான் பழைய நாடாவை இழுத்து எடுப்பாள். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிற விஷயம். நேற்று வந்த ஏஜென்சிப் பெண் நுனியை விடவில்லை. அல்லது விட்டாள், இப்போது இல்லை. ட்ரூடி இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவினாள். ஏதோ தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தாள். வந்தது. ஒரு சாண் வந்தது, சீழ் ஊறி மஞ்சளாக. இன்னொரு சாண். முழங்கை நீளம். கிண்ணத்தில் சுருள் சுருளாக விழுந்தது. வந்துகொண்டே இருந்தது. மஞ்சள் வெளுத்தது. வெளுப்பு சிவந்தது. நெசவு எங்கே முடிந்தது, சவ்வு எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இடுக்கியின் நுனியில் அது சூடாக இருந்தது. துடித்தது.

பிடியை விடவில்லை. சிரித்தாள்.

கிண்ணத்தில் கிடந்த சுருள் நகர்ந்தது. நூடுல்ஸை உறிஞ்சுவதுபோல் ஒரே இழுப்பில் முழுதும் திரும்ப உள்ளே போனது. போகிற போக்கில் இடுக்கியையும் இழுத்தது. இடுக்கியை விட்டுவிட்டிருக்கலாம். உலோகத்தை நோயாளியின் உடம்புக்குள் விட்டுவிட எந்த நர்ஸுக்குத்தான் மனம் வரும். கூடவே விரலை விட்டுப் பிடிக்கப் போனாள்.

விரலை அது கவ்விக்கொண்டது.

பற்கள் இல்லை. ஈறு. மிருதுவான, வலுவான ஈறு. அது சப்பியது.

"ஃபெலிசிட்டி." குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். "நீங்க ஒரு நிமிஷம் வந்து இதைப் பாக்கணும்."

"நான் பார்க்க வந்தது அதை இல்லம்மா. உன்னை." பேனா அட்டைமேல் நின்றது. "நோயாளி கேட்டுக்கிட்டிருக்கார். அவர் காதுல 'இது' 'அது'ன்னு விழலாமா?"

"மொய்ரா—"

"சொல்லு கண்ணு. கை வலிக்குதா? எனக்கும்தான். மனுசன் பிணம் மாதிரி கனக்குறார். தப்பா நினைக்காதீங்க ஐயா."

"அந்தப் பொண்ணு மூஞ்சி மாறுதா?" என்றார் மிஸ்டர் ட்வெடில் மெதுவாக.

மூவரும் ட்ரூடியைப் பார்த்தார்கள். கிழவர் கண்ணாடி வழியாக. பேனா ஓர் அங்குலம் தாழ்ந்தது. இப்போது கத்தினால் எல்லாம் போயிற்று. கத்தாமல் இருந்தால், ஒரு நிமிடம். ஒரே நிமிடம். அந்தக் கையெழுத்து விழட்டும், இந்த அம்மாள் வெளியே போகட்டும், அப்புறம் தொண்டை கிழியக் கத்திக்கொள்ளலாம். மொய்ரா இருக்கிறார். டெரக் இருக்கிறான். ஒரு நிமிடத்தில் என்ன ஆகிவிடும்.

இரண்டாவது விரலும் போனது. மூன்றாவது. உள்ளே ஒரு நாக்கு இருந்தது. அது விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது.

ட்ரூடி இதமாகச் சிரித்தாள்.

"மாறவே இல்லை ஐயா," என்றார் ஃபெலிசிட்டி. இம்முறை கண்ணீர் உண்மையாகவே வந்தது. "ஒரு பூ மாதிரி இருக்கு." கையெழுத்துப் போட்டார். நீளமான, சுழித்த, பட்டங்கள் தொங்கும் கையெழுத்து. "நான் இத்தனை வருடம் கத்துக்கொடுத்ததை இன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன், ட்ரூடி. தேறிவிட்டாய்."

தாழ்வாரத்தில் அவசர மணி அடித்தது. விடாமல் அடித்தது.

"அய்யோ, ஆறாம் கட்டில்." மொய்ரா ஒரு தலையணையைக் கிழவரின் நெஞ்சுக்கு முன் திணித்தார். "அவரே சாஞ்சுக்குவார். நீ முடிச்சுட்டு வா கண்ணு. நல்லா செஞ்ச."

"மொய்ரா, போகாதீங்க." சொன்னாள். சிரித்த முகத்தோடு சொன்னதால் அது நன்றி சொல்வதுபோல் இருந்தது. மொய்ரா போகிற வேகத்தில் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஃபெலிசிட்டி கதவைத் தானே சாத்தினார். கண்ணியம் கருதி. வெளியே கைப்பிடியில் 'சிகிச்சை நடக்கிறது, உள்ளே வராதீர்கள்' என்ற அட்டையை மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லாத செருப்பு.

இப்போது கத்தலாம்.

வாயைத் திறந்தாள். உதடுகள் பிரிந்தன, இன்னும் கொஞ்சம் அகலமாக. கன்னம் மேலே போனது. கண் ஓரங்கள் கனிந்தன. உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கப் பார்த்தாள். முகம் அவள் பேச்சைக் கேட்கவில்லை. தொண்டையிலிருந்து கிளம்பிய கூச்சல் பல்லுக்குப் பின்னால் வந்து இதமான ஒரு 'ம்ம்' ஆகி நின்றது.

"நேத்து வந்த பொண்ணு சுளிச்சிடுச்சு," என்றார் மிஸ்டர் ட்வெடில். "அதான் ஒரேயடியா முடிஞ்சுது. உன்னை அதுக்குப் பிடிச்சிருக்கு. மெதுவாத்தான் சாப்பிடும். மன்னிச்சுக்கம்மா."

மணிக்கட்டு வரை போயிற்று. சூடு. எச்சில். ஈறில் ஓரிடம் கரடாக இருந்தது. உள்ளங்கையில் அதைத் தேய்த்து அரிப்பைத் தீர்த்துக்கொண்டது. பல் முளைக்கிறது.

குழியின் ஓரத்தில் நீலமாக ஏதோ எட்டிப் பார்த்தது. உதடுகள் குவிந்தன. திராட்சைத் தோலைத் துப்புவதுபோல் அதை வெளியே தள்ளின.

விரிப்பில் கையுறை விழுந்தது. காலியாக, உட்புறம் வெளியாகத் திரும்பி, ஐந்து விரல்களும் சப்பிச் சுத்தமாக.

கை உள்ளேயே இருந்தது. சன்னலின் கறுப்புக் கண்ணாடியில் ட்ரூடி சிரித்துக்கொண்டிருந்தாள். முழங்கையை நோக்கி உதடுகள் மெல்ல ஏறின.